பட்டறையிலிருந்து பட்டம் வரை



ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்ததும், பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு சிறு மாநாடு கூடுவது வழக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்திருக்கும். மாதுங்காவிலோ, கரோல் பாகிலோ, பிலாய் உருக்காலைக் குடியிருப்பிலோ, கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் கலந்துகொள்வார். அடுத்த வீட்டுக்காரர் அழையாமலேயே வந்து அமர்வார். எல்லாரும் பேசுவர், யாரைப் பற்றிய பேச்சோ அந்தப் பிள்ளை மட்டும் பேசாமல் வாயிற்படியில் நிற்பான். மதிப்பெண் எண்பதுக்கு மேல் என்றால் விஞ்ஞானம். அறுபதுக்கு மேல் என்றால் வணிகம். அதற்கும் கீழே என்றால் கலை. அங்கும் இடமில்லை என்றானபின், ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஐ.டி.ஐ.யில் போட்டு விடலாமே” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தாயார் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மும்பையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவின் ஆசிரியனாக இருந்தவன் நான். அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றித்தான் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

என் தந்தையார் 1952-ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து அந்நாளைய பம்பாய்க்கு வந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. பெட்டியில் நான்கு வேட்டி. வேட்டிகளுக்கு நடுவே, சென்னை அரசாங்கத்தின் தொழில்நுட்பத் தேர்வில் தேறியதற்கான இரண்டு சான்றிதழ்கள். ஆங்கிலத் தட்டெழுத்தில் ‘ஹையர்’, சுருக்கெழுத்தில் ‘லோயர்’. பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் அவர் படித்ததில்லை. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பாலக்காட்டிலும் அக்காலத்தில் தெருவுக்கொரு தட்டெழுத்துப் பயிற்சிக்கூடம் இருந்தது. மாலை வேளையில் அந்தத் தெருக்களில் நடந்தால் ஓட்டுக்கூரைமேல் மழை பெய்வது போன்ற ஓசை கேட்குமாம். அங்கே பழகிய விரல்களை நம்பித்தான் எத்தனையோ இளைஞர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இரயில் ஏறினார்கள். அவர்கள் பெற்று வந்தது யாது? ஒரு கருவியைக் கையாளும் திறமை, அந்தத் திறமைக்கு ஒரு வேகக் கணக்கு, பாரபட்சமற்ற ஒரு தேர்வு, அரசாங்க முத்திரையுடன் ஒரு சான்றிதழ். இவை சேர்ந்தால் அதற்குத் தொழிற்கல்வி என்றுதான் பெயர். நம்மவர்கள் பிற மாநிலங்களில் காலூன்றியதே தொழிற்கல்வியின் வலிமையால்தான். அந்தப் பெயரால் அதை நாம் அழைக்கவில்லை, அவ்வளவே.

அந்த இரண்டு சான்றிதழ்களையும் என் தந்தையார் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தச் சுவரின் கீழே அமர்ந்துதான், நான் ஐ.டி.ஐ.யில் சேர விரும்புகிறேன் என்று சொன்னபோது, “கரி பூசிக்கொள்ளவா உன்னைப் படிக்கவைத்தேன்?” என்று கேட்டார். மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல நான் இதைக் கூறவில்லை. மேசைக்கு முன் அமர்ந்து செய்யும் வேலை உயர்ந்தது, பட்டறையில் நின்று செய்யும் வேலை தாழ்ந்தது என்னும் எண்ணம் அவர் ஒருவருடையதா என்ன!

எல்லாத் தமிழரும் தட்டெழுத்து இயந்திரத்துடன் வந்தவர்களும் அல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்தவர்கள் பலர். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று, பூமிக்கடியில் இறங்கிப் பாறை பிளந்தவர்கள் பல்லாயிரவர். அவர்களுடைய கையிலும் பெருந்திறமை இருந்தது. ஆனால் காகிதம் இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபோது இந்த வேற்றுமை துலாம்பரமாகத் தெரிந்தது. சான்றிதழ் உள்ளவன் தன் திறமையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். சான்றிதழ் இல்லாதவனுடைய திறமைக்கு அவனை அறிந்த மேஸ்திரி ஒருவரே சாட்சி. மேஸ்திரியும் வேலை இழந்துவிட்டால் சாட்சியும் போயிற்று. தங்கவயலிலிருந்து விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் இளைஞர்கள் பலருண்டு. அவர்களுக்கு இந்த வேற்றுமையை நான் விளக்கவேண்டியதில்லை.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை எப்படி? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை ஒரு கணக்கை எடுத்துக்காட்டுகிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 19 முதல் 24 வயது வரையுள்ள உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அதே ஏடு ஜெர்மனிக்கு 75 என்றும், தென் கொரியாவுக்கு 96 என்றும் கூறுகிறது. நம் நாட்டில் இப்பேச்சு புதிதன்று. கோத்தாரி குழு 1966-இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதிற்று. 1986-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை, மேனிலைப்பள்ளி மாணவரில் நூற்றுக்குப் பத்துப்பேரை 1990-க்குள்ளும் இருபத்தைந்து பேரை 1995-க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவரவேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்குகள் ஏட்டில் நின்றதற்குக் காரணம் அரசாங்கம் மட்டுமன்று. நான் முன்பு சொன்ன அந்தக் கூடத்து மாநாடும் ஒரு காரணம்.

பட்டறை என்றால் என்ன என்பதை அந்த மாநாட்டில் பேசுவோர் பார்த்திருப்பதில்லை. ஆகையால் என் பட்டறைக்குள் உங்களை ஒரு நிமிடம் அழைத்துப் போகிறேன். ஃபிட்டர் வகுப்பில் சேர்ந்த பையனுக்கு முதல் மாதத்தில் ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கொடுப்போம். அத்துண்டின் ஒரு பக்கத்தை அவன் தட்டையாக்க வேண்டும். எளிய காரியம் என்று தோன்றும். அரத்தைத் தள்ளும்போது கை ஊஞ்சல்போல ஆடினால் நடுவில் மேடும் ஓரங்களில் சரிவும் விழும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கு வழியே ஒளி கசியும். ‘ஒளி தெரிகிறதா?’ என்பதே என் கேள்வி. தெரிந்தால் மறுபடியும் அரம். சில பையன்கள் முதல் வாரத்தில் அழுதிருக்கிறார்கள். ஒரு பக்கம் சரியாக அமைந்தபின் அதற்குச் செங்கோணமாக அடுத்த பக்கம். பிறகு, ஒரு துண்டு மற்றொரு துண்டுக்குள் இசைந்து பொருந்துமாறு வெட்டுதல். வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டரையும், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரையும் படிக்கப் பழகுதல். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், ஒரு வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பொருள் எப்படி இருக்கும் என்று அவனுடைய கண் கண்டுவிடும். பள்ளியில் வடிவகணிதத்தில் தேறாமல் வந்தவன், கோணமானியைக் கையில் வைத்துக்கொண்டு வடிவகணிதம் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதை மூளைக்கு வேலையற்ற கல்வி என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் பெற்றோரின் அச்சத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. ஆயினும் நெடுங்காலம் வரையில், ஐ.டி.ஐ.க்குள் சென்றவன் அதற்குமேல் படிக்க வழியின்றி நின்றுவிடுவதே பெரும்பான்மை வழக்கமாக இருந்தது. அது ஒரு முட்டுச்சந்து. தன் பிள்ளையை முட்டுச்சந்தில் விடத் தயங்கிய தகப்பனைக் குறைகூற முடியாது. இப்போது அந்தச் சந்தின் கடைசியில் கதவுகள் திறந்திருக்கின்றன. அதை அறியாமல் பழைய அச்சத்தையே பேசிக்கொண்டிருப்பதுதான் இன்றைய குறை.

முதற்கதவு இது: பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொழிற்பிரிவு ஒன்றை ஐ.டி.ஐ.யில் முடித்தவன், பொருத்தமான பிரிவில் பாலிடெக்னிக் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இதனை அனுமதித்திருக்கிறது. டிப்ளமாவைத் தக்க மதிப்பெண்ணுடன் முடித்தவன் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் அதேபோல் சேரலாம். நூற்றுக்கு 45 மதிப்பெண் வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. கணக்குப் பாருங்கள்: ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமா இரண்டு, பட்டம் மூன்று, ஆக ஏழு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வழியே சென்றவனுக்கு இரண்டும் நான்குமாக ஆறு. ஓராண்டு கூடுதல். அந்த ஓராண்டுக்கு ஈடாக, வழியில் எந்தப் படியில் குடும்பத்தின் நிலைமை இடறினாலும், அந்தப் படியிலேயே நின்று சம்பாதிக்கத் தக்க ஒரு சான்றிதழ் இவன் கையில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு அது இல்லை.

இதில் ஓர் இடர் உண்டு. ஆசிரியன் என்ற முறையில் அதை நான் மறைக்கலாகாது. டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் ஐ.டி.ஐ. மாணவன் பட்டறையில் சிங்கம்; கணிதத்தில் தடுமாறுவான். முதலாண்டில் மற்றவர்கள் படித்த கணிதத்தை அவன் படித்திருக்க மாட்டான். ஐ.டி.ஐ.யின் இரண்டாம் ஆண்டிலேயே, வாரத்துக்கு இரண்டு மாலை, முக்கோணவியலையும் இயற்கணிதத்தையும் யாரிடமேனும் கற்றுக்கொண்டால் இந்த இடர் நீங்கும். நம் தமிழ்ச் சங்கங்களில் ஓய்வுபெற்ற பொறியாளர்களுக்கும் கணித ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்குச் சங்கக் கூடத்தைத் திறப்பது போல் இதற்கும் திறக்கலாம்.

ஆசிரியராக விரும்புவோருக்கு வேறொரு கதவு. மத்திய அரசாங்கத்தின் தேசியத் திறன் பயிற்சி நிலையங்கள் சென்னையில் கிண்டியிலும், மும்பையில் சயான் பகுதியிலும், ஹைதராபாத், கான்பூர், லூதியானா, ஹௌரா முதலிய ஊர்களிலும் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யையோ டிப்ளமாவையோ முடித்தவருக்கு அங்கே ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சி உண்டு. நானும் அந்தப் பயிற்சி பெற்றவன்தான். பள்ளிப்படிப்பு விட்டுப்போயிற்றே என்று வருந்துவோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தை நாடலாம். மொழி முதலான சில பாடங்களை மட்டும் எழுதி, எஞ்சியவற்றுக்கு ஐ.டி.ஐ. படிப்பையே கணக்கில் கொள்ளுமாறு செய்துகொள்ளலாம். அங்கே தமிழும் ஒரு பாடமாக இருப்பது, வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இரட்டை நன்மை. தொழில்சார் இளங்கலைப் பட்டம் என ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்தது. முதலாண்டோடு நின்றால் டிப்ளமா, இரண்டாம் ஆண்டோடு நின்றால் உயர் டிப்ளமா, மூன்றாண்டும் முடித்தால் பட்டம் என்பது அதன் அமைப்பு.

இனி ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தாராவியில் தோற்பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஒருவரின் மகன். வீட்டில் எது பழுதானாலும் அவன் கைபட்டால் சரியாகும். பத்தாம் வகுப்பில் அறுபதுக்குக் கிட்டே மதிப்பெண். நான் தகப்பனாரிடம் பேசிப் பார்த்தேன். “அண்ணாச்சி, நான்தான் தோலோடு தோலாய்ப் போனேன், என் மகனாவது காலேஜுக்குப் போகட்டுமே” என்றார். அந்தச் சொல்லுக்குமுன் என்னால் எதிர்வாதம் செய்ய இயலவில்லை. பையன் வணிகப் பிரிவில் சேர்ந்தான். இரண்டும் மூன்றும் ஐந்தாண்டு. ஒரு தாளில் இருமுறை தவறி, பட்டம் பெற்றபோது ஆறாண்டு ஆகிவிட்டது. பிறகு ஒரு கடையில் கணக்கெழுதினான். ஒரு நாள் தானே என்னிடம் வந்து, “மாமா, இப்போது சேர்ந்தால் சேர்த்துக்கொள்வார்களா?” என்று கேட்டான். ஐ.டி.ஐ.யில் சேர உச்ச வயது என்று எதுவுமில்லை. இருபத்திரண்டாம் வயதில், பதினாறு வயதுச் சிறுவர்களோடு எலக்ட்ரீஷியன் வகுப்பில் உட்கார்ந்தான். முதல் மாதம் அவர்கள் அவனை ‘அங்கிள்’ என்று கேலி செய்தார்கள். இரண்டாண்டு முடித்தான், ஓராண்டு தொழில் பழகுநராக இருந்தான், டிப்ளமாவில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். இன்று மின்தூக்கிகளைப் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளன். கதை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அந்த ஆறாண்டுகளை அவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அந்த ஆறாண்டுக் கல்லூரிச் செலவுக்காகத் தகப்பனார் வாங்கிய கடனை அவனுடைய தங்கையின் படிப்பை நிறுத்தித்தான் அடைத்தார்கள். இதைச் சொல்லும்போது, அன்று நான் இன்னும் வற்புறுத்தியிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

எல்லாரும் ஐ.டி.ஐ. வழியாகத்தான் போகவேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப்பின் நேராகவே மூன்றாண்டு டிப்ளமாவில் சேரலாம். மாதுங்காவில் வாழும் தமிழர்கள் தினமும் கடந்துபோகும் வி.ஜே.டி.ஐ., 1887-இல் தொழில் கற்பிக்கவென்றே தோன்றிய கல்விக்கூடம். 1923-இல் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேரைத் தேடிச்சென்றால் 1794-ஆம் ஆண்டின் நில அளவைப் பள்ளியில்தான் போய் நிற்போம். இவற்றைவிட நான் பெற்றோருக்கு அழுத்திச் சொல்வது கருவியறைப் படிப்பைப் பற்றி. பிளாஸ்டிக் குவளை முதல் மோட்டார் வாகனத்தின் கதவு வரை, ஒரே வடிவில் ஆயிரக்கணக்கில் வார்ப்பதற்கும் அழுத்துவதற்கும் அச்சுகள் வேண்டும். அந்த அச்சுகளைச் செய்யும் கலைக்கு நான்காண்டு டிப்ளமா உண்டு. ஹைதராபாத்தில் 1968-இல் தோன்றிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம், அகமதாபாத், இந்தூர், ஔரங்காபாத் ஆகிய ஊர்களின் இந்தோ-ஜெர்மன் கருவியறைகள், ஜாம்ஷெட்பூரின் இந்தோ-டேனிஷ் கருவியறை, புவனேசுவரத்தின் மத்தியக் கருவியறை ஆகியவை இதில் பெயர்பெற்றவை. கேரளத்தில் தலைச்சேரியை அடுத்த நெட்டூரில் 1959-இல் சிறிய அளவில் தொடங்கிய என்.டி.டி.எஃப். இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குச் சென்னை கிண்டியில் 1968-இல் தோன்றிய சிபெட் பல மாநிலங்களில் கிளை பரப்பியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அங்கே மூன்றாண்டு டிப்ளமா. நீங்கள் ஒடிசாவிலோ குஜராத்திலோ இருந்தால், பிள்ளையைப் பத்து மைல் தொலைவில் சேர்க்கத்தக்க இடத்தை அறியாமல் ஆயிரம் மைல் அனுப்பிக் கொண்டிருக்கலாம்.

பயிற்சி முடிந்தபின் தொழில் பழகுநராகச் சேர்வதைப் பலர் வீண் ஆண்டாக நினைக்கிறார்கள். வேலையும் இல்லை, முழுச் சம்பளமும் இல்லை என்பது அவர்கள் குறை. உண்மைதான். பழகுநர் தொழிலாளி அல்லர். பழகி முடித்தவரை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனம் கடமைப்பட்டதும் அன்று. ஆனால் பள்ளிப் பட்டறையில் பழுதான இயந்திரம் அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருக்கும். ஆலையில் பழுதான இயந்திரத்தைச் சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள். அந்த அவசரத்தில் கற்பதை நான் கற்பிக்க முடியாது. 2019-இல் திருத்திய விதிகள், முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்றன. படிப்பின் தரத்துக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையும் வகுத்தன. இறுதித் தேர்வில் தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இரயில்வேயின் பட்டறைகளில் பழகி முடித்தவர்களுக்கு அத்துறையின் முதல்நிலைப் பணியிடங்களில் தனிப்பங்கும் உண்டு.

இதுவரை சொன்னவை தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். வெளிமாநிலத் தமிழருக்கென்று தனியே ஒரு தொல்லை இருக்கிறது. அதன் பெயர் காகிதம். என் அனுபவத்தில், தகுதியில்லாமல் இடம் இழந்த நம் பிள்ளைகளைவிட, காகிதம் இல்லாமல் இழந்தவர்களே மிகுதி.

மகாராஷ்டிரத்தில் பாலிடெக்னிக் சேர்க்கையின் முதற்பிரிவுக்கு, பத்தாம் வகுப்பை அம்மாநிலத்துப் பள்ளியில் தேறியிருக்க வேண்டும். அத்துடன் அம்மாநில வாசச் சான்றிதழோ, அங்கே பிறந்ததற்கான ஆதாரமோ வேண்டும். வாசச் சான்றிதழுக்குப் பதினைந்து ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். வாடகை வீடு மாறிமாறி வாழ்ந்தவர் பதினைந்து ஆண்டுச் சீட்டுகளை ஜூன் மாதத்தில், ஒரே வாரத்தில், எங்கே தேடுவார்? டெல்லியில் வேறு கணக்கு. அங்கே அரசாங்கத்தின் உயர் தொழிற்கல்வி நிலையங்கள் பலவற்றில் நூற்றுக்கு 85 இடம், தகுதித் தேர்வை டெல்லிக்குள் இருக்கும் கல்விக்கூடத்தில் தேறியவருக்கு. வீடு எங்கே என்று கேட்பதில்லை; பள்ளி எங்கே என்றே கேட்கிறார்கள். நொய்டாவிலும் குருகிராமத்திலும் குடியிருப்போர், பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போதே இதை எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் பொறியியல் படிக்க எண்ணினால், பள்ளிப் படிப்பை வெளியே முடித்த பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்றிதழ் இல்லாமல் அங்கே உள்ளூர் மாணவனாக இடம் இல்லை.

பட்டியல் சாதியினரான நம் மக்கள் ஒரு செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்கு உரியவர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே, ஆந்திரத்தில் பிறந்து தந்தையின் வேலை காரணமாக பம்பாய்க்கு வந்த ஒரு மாணவரின் மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதுதான். தாராவியில் பிறந்த பிள்ளைக்குத் திருநெல்வேலிச் சான்றிதழ் மகாராஷ்டிர அரசின் ஐ.டி.ஐ.யில் செல்லாமல் போவது இதனால்தான். இது வருத்தத்துக்குரியது என்பதே என் எண்ணம். ஊர் மாறியதால் ஒருவரைப் பற்றிய சமூகத்தின் பார்வை மாறிவிடுவதில்லை. ஆனால் மத்திய அரசாங்கத்தின் நிலையங்களிலும், சொந்த மாநிலத்திலும் அந்த உரிமை அழிவதில்லை. தந்தைக்குச் சொந்த மாநிலம் தந்த சான்றிதழைக் காட்டினால், குடிபெயர்ந்த மாநிலத்தின் அதிகாரியே பிள்ளைக்கு அந்த அடிப்படையில் சான்றிதழ் தர ஏற்பாடு உண்டு. அதற்கெனத் தனிப் படிவம் இருக்கிறது. ஆகவே தந்தையின் மூலச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்; பிள்ளையின் பெயரில் எடுத்தும் வையுங்கள்.

மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் மறக்கலாகாது. அங்கிருந்து மேல்வகுப்புக்கு வேற்றுமொழிப் பள்ளிக்குப் போகுமிடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரத்தக்க பிரிவுகள் ஐ.டி.ஐ.யில் உண்டு: வெல்டர், பிளம்பர், வயர்மேன், தையற்கலை முதலியன. பதினான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். ஆயினும், கூடுமானால் பத்தாம் வகுப்பை எப்படியேனும் முடித்துவிட்டு வரச் சொல்வதே என் வழக்கம். டிப்ளமாக் கதவுக்குப் பத்தாம் வகுப்புத்தான் திறவுகோல்.

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று இன்னும் கேட்போர் உண்டு. கட்டட வரைவாளர், கணிப்பொறி இயக்குநர், மின்னணுவியல் ஆகிய பிரிவுகளில் பெண்கள் சிறந்து விளங்கக் கண்டிருக்கிறேன். நொய்டா, மும்பை, பெங்களூர் முதலிய இடங்களில் பெண்களுக்கென்றே மத்திய அரசின் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. என் ஃபிட்டர் வகுப்பில் கடைசிப் பத்தாண்டுகளில் சில பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய அரவேலையில் ஒளி கசிந்தது குறைவு.

ஒரு எச்சரிக்கை. நாட்டில் ஐ.டி.ஐ.கள் சுமார் 15,000 இருக்கின்றன. நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் நடத்துபவை. நல்லவை உண்டு, மாடியில் இரண்டு அறையும் ஒரு பெயர்ப்பலகையுமாக நடப்பவையும் உண்டு. ‘நூற்றுக்கு நூறு வேலை உறுதி’ என்று எழுதியிருந்தால் சற்று ஐயுறுங்கள். பணம் கட்டுமுன் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின்மேல் எண்ணெய் படிந்திருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே இரும்புச் சீவல் கிடக்கிறதா என்று பாருங்கள்; பெருக்கித் துடைத்த பட்டறையில் யாரும் வேலை கற்பதில்லை. முடித்தபின் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்குமா, அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய ஆலோசனைகளிலும் கவனம் வேண்டும். ‘ஏ.எம்.ஐ.இ. எழுதினால் பட்டத்துக்குச் சமம்’ என்று என் காலத்தவர் இன்றும் சொல்வார்கள். 2013 மே மாதம் வரை பதிவு செய்துகொண்டவர்களுக்கு அது உண்மை. அதற்குப்பின் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசு அந்தச் சமநிலையை வழங்கவில்லை.

கடைசியாக, பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: “பையனை ஊருக்கே அனுப்பிவிடலாமா? அங்கே ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் நிறைய இருக்கின்றனவே.” பாட்டி வீடு இருக்கிறது, தமிழ் பேசலாம் என்பது சரிதான். ஆனால் ஹிந்தியிலோ மராத்தியிலோ பத்தாண்டு படித்த பையனுக்குத் தமிழில் தேர்வு எழுதுவது பேசுவதுபோல் எளிதன்று. அன்றியும், அவன் பழகுநராகச் சேரப்போகும் ஆலைகள் எந்த ஊரில் இருக்கின்றனவோ, அந்த ஊர் ஆசிரியர்களுக்கே அந்த ஆலைகளின் வாயில் தெரியும். இங்கேயே வாழப்போகிறவன் இங்கேயே பயில்வது மேல். திரும்பிப்போக எண்ணமிருந்தால் எட்டாம் வகுப்புக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்; ஒன்பதாம் வகுப்பில் அனுப்பிப் பதினோராம் வகுப்பில் திரும்ப அழைத்துக்கொண்டால் இரண்டு மாநிலத்திலும் முதற்பிரிவுக்கு வேண்டிய காகிதம் அமையாமல் போகக்கூடும்.

உங்கள் வீட்டில் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால், வாசச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். வீட்டு வாடகைச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், முதல் வகுப்பு முதல் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, அவனுக்கு எந்த வேலையில் நேரம் போவதே தெரிவதில்லை என்று கேளுங்கள். பெரியப்பாவுக்குப் பிறகு தொலைபேசி செய்துகொள்ளலாம்.